நண்பரோடு திருகோணமலையில் ஒரு நாள்: விடியல் முதல் இரவு வரை முழுமையான வழிகாட்டி

ஒரே ஒரு நாளோடு திருகோணமலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் காலையில் கோணேஸ்வரம் கோவில், பிறகு கன்னியா வெந்நீர் ஊற்றுகள், மத்தியானத்தில் நிலாவெளிக் கடற்கரை என்று போகிறார்கள். பஸ் வந்து நிற்கும் இடத்திலிருந்து கோவில் கிட்ட என்பதால் அப்படி அமைந்துவிடுகிறது. ஆனால் பன்னிரண்டு மணிக்கு நிலாவெளி மணலில் வெறுங்காலோடு நிற்கவே முடியாது. காற்றும் எழும்பிவிடும், தண்ணீருக்குள் பவளம் தெரிவதும் குறைந்துவிடும். அதே நேரம், மாலையில் பார்க்க வேண்டிய, கோவில் நிற்கும் சுவாமி மலையைக் காலையிலேயே பார்த்து முடித்திருப்பார்கள்.

நான் எப்போதும் சொல்வது தலைகீழ் வரிசை. காலையில் கடல், வெயில் உச்சிக்கு ஏறும் முன் கன்னியா, மாலையில் கோட்டையும் கோவிலும். இதில் இன்னொரு வசதியும் உண்டு. கடலில் ஒட்டிய உப்பைக் கன்னியாவில் கழுவி, உடுப்பு மாற்றி, சைவச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுச் சுத்தமாகக் கோவிலுக்குப் போகலாம். ஒன்றுக்கு ஒன்று இடைஞ்சல் இல்லாமல் நாள் ஓடும்.

எந்த மாதம், எந்த நாள்

கிழக்குக் கரைக்கு நல்ல காலம் மே முதல் செப்டெம்பர் வரை. தென்மேல் பருவக்காற்று கொழும்புப் பக்கம் மழையாகக் கொட்டும்போது இங்கே கடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை தொடங்கினால் வடகீழ்ப் பருவக்காற்று வந்துவிடும். தை மாதம் வரை அலை பெரிது, நிலாவெளிக்கு எதிரே இருக்கும் பவளத் தீவான புறாத்தீவுக்குப் படகு பெரும்பாலும் போகாது. அந்தக் காலத்தில் வருகிறவர்களுக்கான வேறு வரிசையைப் பின்னால் தந்திருக்கிறேன்.

வார இறுதி, போயா (முழுநிலா விடுமுறை), ஆகஸ்ட் பள்ளி விடுமுறை மூன்றையும் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். அந்த நாட்களில் நாடு முழுவதிலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருவார்கள். புறாத்தீவின் சின்ன மணல் திட்டில் உட்கார இடம் கிடைக்காது. சாதாரண ஒரு செவ்வாய் அல்லது புதன் என்றால் இரண்டு பேரும் நிம்மதியாகப் பேசிக்கொண்டே சுற்றலாம்.

வந்து சேர்வது

கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு ரயில் ஏறினால் விடியும்போது திருகோணமலையில் இறங்கலாம். இது கல்ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையை விட்டுப் பிரிந்து வரும் வண்டி. நாளை முழுதாகப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆசனத்தை முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். வண்டி ஓடுகிறதா என்பதையும் அப்போதே நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்களுக்கு வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக பஸ் உண்டு. மட்டக்களப்பிலிருந்து வாகரை, மூதூர், கிண்ணியா வழியாகக் கரையோரமாகவே வரலாம். முன்பு அந்த வழியில் இடையிடையே பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறி நீரைக் கடக்க வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலமும் அதன்பின் மற்றப் பாலங்களும் திறந்தபிறகு அந்தக் காத்திருப்பு போய்விட்டது.

வாகனம்

இரண்டு பேருக்கு ஓட்டோதான் கணக்கு. நாள் முழுவதற்கும் ஒருவரையே பேசிக்கொள்ளுங்கள். தெருவில் மறித்துத் துண்டு துண்டாக ஓடினால் செலவு கூடும், கன்னியாவிலிருந்து திரும்ப வண்டி தேடி நிற்கவும் வேண்டிவரும். பேசும்போது இடங்களை வரிசையாகச் சொல்லுங்கள்: "அண்ணை, முதல் நிலாவெளி, அங்க மூண்டு நாலு மணித்தியாலம் நிக்க வேணும், பிறகு கன்னியா, பிறகு டவுன், பின்னேரம் கோட்டை வாசல்ல இறக்கிவிட்டாச் சரி." காத்திருக்கும் நேரமும் அந்தக் காசுக்குள் அடங்குமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். பின்னால் வரும் சண்டைகளில் பாதி இதைக் கேட்காததால் வருவதுதான்.

ஸ்கூட்டர் ஓடுகிறவர்கள் என்றால் உப்புவெளிப் பக்கம் வாடகைக்கு எடுக்கலாம். வெளிநாட்டிலிருந்து வரும் நண்பரிடம் இலங்கையில் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இல்லையென்றால் அவரை ஓட விடாதீர்கள். காசு மட்டு மட்டாக இருக்கிறவர்களுக்கு பஸ்ஸும் சரிவரும். குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் போகும் பஸ் எல்லாம் நிலாவெளி வழியாகத்தான் போகும். கன்னியாவுக்கு அநுராதபுரப் பாதையில் போகும் பஸ்ஸில் ஏறி, கன்னியாச் சந்தியில் இறங்கிக் கொஞ்சம் உள்ளே நடக்க வேண்டும்.

முதல் நாள் இரவே பையில் வைக்க வேண்டியவை

தேசிய அடையாள அட்டை முதலில். பல இடங்களில் உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் டிக்கெட் விலை வேறு. புறாத்தீவில் அந்த வித்தியாசம் நன்றாகவே கடிக்கும். இந்தியாவிலிருந்தோ கனடாவிலிருந்தோ வரும் நண்பர் என்றால், அந்தச் செலவை முதலே சொல்லி வையுங்கள். டிக்கெட் வாசலில் வைத்து அவர் முகம் மாறுவதைவிட அது நல்லது.

அப்புறம் இரண்டு சோடி உடுப்பு. ஒன்று கடலுக்கு, மற்றது கோவிலுக்கு. ஆண்களுக்கு வேட்டியோ நீளக் காற்சட்டையோ, பெண்களுக்குத் தோளும் முழங்காலும் மறைக்கும் உடுப்பு. துவாய், தொப்பி, தண்ணீர்ப் போத்தல், நீரில் போடக்கூடிய றப்பர்ச் செருப்பு. புறாத்தீவில் மணலைவிட உடைந்த பவளத் துண்டுகள்தான் அதிகம். வெறுங்காலோடு நாலு அடி வைத்தால் போதும், செருப்பின் அருமை தெரிந்துவிடும்.

காலை ஏழு மணி: புறாத்தீவு

டவுனில் இடியப்பமும் சொதியும் சம்பலும் சாப்பிட்டு, ஒரு பிளேன்டி குடித்துவிட்டுக் கிளம்புங்கள். வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், படகு குலுக்கும். நிலாவெளி வடக்கே ஏறத்தாழ பதினைந்து கிலோமீற்றர். கடற்கரையில் வனஜீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட் கூடம் இருக்கிறது. நுழைவு டிக்கெட் வேறு, படகுக் கூலி வேறு. படகு ஆளுக்கு இவ்வளவு என்று இல்லை, முழுப் படகுக்கும் சேர்த்துத்தான் பேசுவார்கள். அதனால் இரண்டே பேராகப் போனால் பக்கத்தில் நிற்கும் இன்னொரு இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளலாம். கூச்சப்பட வேண்டாம், எல்லாரும் செய்வதுதான். நீர்மூழ்கிக் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் கரையிலேயே வாடகைக்குக் கிடைக்கும். கண்ணாடியை முகத்தில் வைத்து மூக்கால் இழுத்துப் பாருங்கள். கையை எடுத்த பிறகும் அது விழாமல் ஒட்டி நின்றால் தண்ணீர் புகாது.

கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான், பத்துப் பதினைந்து நிமிட ஓட்டம். பெரிய தீவு, சின்னத் தீவு என்று இரண்டு. மாடப்புறாக்கள் பாறைகளில் கூடு வைப்பதால் இந்தப் பெயர். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் அறிவித்தார்கள். அதற்கு முன் பிரித்தானியக் கடற்படை இதைப் பீரங்கிக் குறி பார்க்கும் இலக்காக வைத்திருந்தது. அவ்வளவு குண்டும் 2004 ஆழிப்பேரலையும் தாண்டி இந்தப் பவளங்கள் நிற்கின்றன என்று நினைக்கும்போது, அவற்றின்மேல் கால் வைக்க யாருக்கும் மனம் வரக்கூடாது.

இறங்கியதும் முதலில் படகுக்காரரிடமோ அங்கே நிற்கும் உத்தியோகத்தரிடமோ கேளுங்கள்: இன்றைக்கு எந்தப் பக்கம் நீரோட்டம் குறைவு? நாளுக்கு நாள் அது மாறும். நீந்தத் தெரிந்தவர்களும் உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொள்வது நல்லது. அது உங்களை மேலே மிதக்க வைப்பதால் பவளத்தில் கால் படாது. நீந்தத் தெரியாத நண்பர் என்றால் இடுப்பளவு நீரில் முகத்தை மட்டும் உள்ளே வைத்தால் போதும். அங்கேயே கிளி மீன்களும் வரி வரியான சின்ன மீன்களும் காலைச் சுற்றி வரும்.

கருமுனைத் துடுப்புச் சுறா என்றதும் பயப்படுகிறவர்கள் உண்டு. ஓர் ஆள் நீளம்கூட வராத, கூச்ச சுபாவமுள்ள மீன் அது. துடுப்பின் நுனியில் மை தொட்டு வைத்ததுபோல ஒரு கறுப்பு இருக்கும். நீங்கள் சத்தமில்லாமல் மிதந்தால் ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும். கைகாலை அடித்தால் காணாமலே போய்விடும். ஆமை கண்டால் பின்னால் துரத்தாதீர்கள். அது மூச்சு விட மேலே வர வேண்டிய உயிர். வழியை மறித்தால் அதற்குக் கஷ்டம்.

தீவில் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டியவை: பவளத்தின்மேல் நிற்கக்கூடாது, ஒரு துண்டுகூடப் பையில் போடக்கூடாது, மீனுக்குப் பாண் போடக்கூடாது, கொண்டுபோன பொலித்தீனைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பவளம் வருடத்துக்கு சில மில்லிமீற்றர் முதல் சில சென்ரிமீற்றர் வரைதான் வளரும். ஒருவர் படமெடுக்க ஒரு நிமிடம் ஏறி நின்றால் பல வருட வளர்ச்சி போய்விடும். இதை நண்பருக்குப் படகிலேயே சொல்லிவிடுங்கள். தண்ணீரில் வைத்துக் கத்தினால் கேட்காது.

பத்து, பத்தரைக்குள் கரைக்குத் திரும்பிவிடுங்கள். அந்த நேரத்தில்தான் மற்றவர்களின் கூட்டம் வரத் தொடங்கும்.

வழியில் உப்புவெளி

திரும்பும்போது உப்புவெளியில் வீதியோரமாகவே இரண்டாம் உலகப் போர்க்காலப் பொதுநலவாய மயானம் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. பதினைந்து நிமிடம் இறங்கிக் கல்லறைக் கற்களை வாசித்துப் பாருங்கள். இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள். வேறொன்றும் விளக்கத் தேவையில்லை.

சாம்பல்தீவுப் பக்கம் சல்லி முத்துமாரியம்மன் கோவில் கடற்கரையிலேயே நிற்கிறது. நேரமிருந்தால் வாசலில் ஒரு கும்பிடு போடலாம்.

பதினொன்றரை: கன்னியா

அநுராதபுரச் சந்திக்கு வந்து மேற்கே திரும்பினால் டவுனிலிருந்து எட்டுக் கிலோமீற்றர் அளவில் கன்னியா. ஓட்டோவில் போகும்போதே நண்பருக்கு இராவணன் கதையைச் சொல்லத் தொடங்குங்கள். மாலையில் சுவாமி மலையில் நிற்கும்போது அது தேவைப்படும்.

கதை இதுதான். இராவணனின் தாய் சுகமில்லாமல் இருந்தாள். அவள் வணங்குவதற்காகக் கோணேசர் இருக்கும் மலையையே பெயர்த்துக்கொண்டு போக அவன் வாளால் வெட்டினான். அதற்குள் தாய் இறந்துபோன செய்தியை ஒரு முதிய அந்தணர் வடிவில் வந்து விஷ்ணு சொல்கிறார். அந்தத் தாய்க்குக் கிரியை செய்யத் தோன்றியவைதான் கன்னியாவின் ஏழு ஊற்றுகள். இன்றைக்கும் இந்தப் பகுதித் தமிழ்ச் சனங்கள் இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியைகளுக்கு இங்கே வருகிறார்கள். ஆடி அமாவாசைக்குக் கூட்டம் நிறைந்துவிடும். நீங்கள் போகும் நேரத்தில் ஒரு குடும்பம் கிரியை செய்துகொண்டிருந்தால், சத்தத்தைக் குறைத்துக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், படம் எடுக்க வேண்டாம்.

ஏழும் சின்னச் சதுரக் கிணறுகள். ஆழம் சில அடிதான், அடி தெளிவாகத் தெரியும். உள்ளே இறங்கிக் குளிக்க முடியாது, வாளியால் அள்ளி ஊற்ற வேண்டும். ஒவ்வொரு கிணற்றுக்கும் சூடு கொஞ்சம் வித்தியாசம். முதலில் ஒவ்வொன்றிலும் விரலை வைத்துப் பார்த்து, இளஞ்சூடானதில் தொடங்கி, சூடு கூடியதில் முடியுங்கள். முதல் வாளியைத் தலையில் ஊற்றாமல் காலில் ஊற்றுவது வழக்கம். உடம்பு சூட்டுக்குப் பழகட்டும் என்பதற்காக. நிலத்தின் ஆழத்தில் சூடான பாறைகளுக்கிடையே இறங்கிய மழைநீர், வெடிப்புகள் வழியாக மேலே ஏறி வருவதுதான் இந்தச் சூட்டுக்குக் காரணம். இங்கே எரிமலை எதுவும் இல்லை.

சவர்க்காரம் போட வேண்டாம். அரை மணித்தியாலம் போதும். உச்சி வெயிலில் சுடுநீரா என்று நண்பர் முகத்தைச் சுளித்தால் விடாதீர்கள். குளித்துவிட்டு மர நிழலில் காற்று படும்போது அவரே ஒத்துக்கொள்வார். ஈர உடுப்பை மாற்றி, இனிச் சுத்த உடுப்போடுதான் நாள்.

வரலாறு விரும்பும் நண்பர் என்றால் இங்கிருந்து பெரியகுளம் பக்கம் போய் வெல்கம் விகாரையையும் பார்க்கலாம். சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயரில் தமிழ்ப் பௌத்தர்கள் வழிபட்ட இடம். தமிழ்க் கல்வெட்டுகள் அங்கேயே கிடைத்திருக்கின்றன. பௌத்தம் ஒரு மொழிக்காரருக்கு மட்டும் உரியது என்று நினைத்துக்கொண்டு போகிறவரை அந்தக் கற்கள் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கும். ஆனால் இதைச் சேர்த்தால் மத்தியான ஓய்வை விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு நாள்தான் என்றால் நான் ஓய்வைத்தான் எடுப்பேன்.

மத்தியானம்

டவுனில் ஒரு சைவக் கடையில் சோறு. மாலையில் கோவிலுக்குப் போகிறபடியால் மச்சத்தை (மீன், இறைச்சியை) இரவுக்குத் தள்ளிவிடுங்கள். பருப்பு, கத்தரிக்காய், ஒரு கீரை, அப்பளம், மோர் மிளகாய், ரசம். குளித்த பசிக்கு வேறென்ன வேண்டும்? சாப்பிட்டபின் மூன்றரை வரை எங்கேயும் அலைய வேண்டாம். அறை எடுத்திருந்தால் ஒரு குட்டித் தூக்கம். அறை இல்லையென்றால் ஒல்லாந்தர் குடாவுக்குக் கிட்ட பழைய ஒல்லாந்தர் கட்டடத்தில் இருக்கும் கடற்படை வரலாற்று அருங்காட்சியகம் நல்ல நிழல்.

நாலு மணி: கோட்டை வாசல்

இனி அவசரமே வேண்டாம். நாளின் கனமான பகுதி இங்கிருந்துதான்.

ஓட்டோவைக் கோட்டை வாசலிலேயே விட்டுவிட்டு நடங்கள். வண்டி உள்ளேயும் போகும்தான், ஆனால் போனால் வாசலைப் பார்க்காமல் போய்விடுவீர்கள். வாசல் கல்லில் இரண்டு மீன்கள் செதுக்கப்பட்டிருப்பதைத் தேடுங்கள். பாண்டியரின் இணைக்கயல் சின்னம். அதே வாசலில் தமிழ் எழுத்துகளும் உடைந்தும் தேய்ந்தும் நிற்கின்றன. குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பின்னால் பறங்கியர் (போர்த்துக்கேயர்) பிரிப்பார்கள் என்று சொல்லும் வரிகள் அவை. கோவில் கல் ஒன்று, தன் கோவிலை இடித்தவர்களின் கோட்டை வாசலில் கதவுநிலையாக நிற்கிறது. கையை வைத்துத் தடவினால் எழுத்தின் பள்ளம் விரலுக்குத் தெரியும், ஆனால் தடவாதீர்கள், கண்ணால் மட்டும் வாசியுங்கள். ஏற்கெனவே நிறையத் தேய்ந்துவிட்டது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால்: கோவில் வரலாறு 1622 என்று குறிக்கும் ஆண்டில் போர்த்துக்கேயர் கோணேஸ்வரத்தை இடித்தார்கள். அந்தக் கற்களைக் கொண்டே இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795இல் பிரித்தானியர். 1803இல் யோர்க் கோமகன் ஃபிரெட்ரிக்கின் பெயரை வைத்தார்கள். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெல்லிங்டன், இளம் அதிகாரியாக இருந்தபோது இங்கே தங்கியிருந்தார். அவர் பெயரைச் சொல்லும் வீடு உள்ளே நிற்கிறது. இவ்வளவு பேர் மாறி மாறிச் சண்டை போட்டது இந்தப் பாறைக்காக இல்லை. பின்னால் விரிந்து கிடக்கும் இயற்கைத் துறைமுகத்துக்காக. எந்தப் பருவக்காற்றிலும் கப்பல்கள் ஒதுங்கக்கூடிய ஆழமான நீர் அது.

கோட்டைக்குள் இன்னும் இராணுவம் இருக்கிறது. முகாம் பக்கம் படமெடுக்க வேண்டாம், வீதியை விட்டு விலக வேண்டாம்.

புள்ளிமான்கள் ஆலமர நிழலிலும் வீதியிலும் சுதந்திரமாக நடமாடும். கிட்டவே வரும். கையில் இருக்கும் பிஸ்கட்டை நீட்டாதீர்கள். பொலித்தீன் பையை எங்கேயும் விடாதீர்கள். சாப்பாட்டு வாசனை இருக்கும் பையை மான் அப்படியே விழுங்கிவிடும், வயிற்றில் அடைத்துச் செத்துப்போகும். இந்த ஊரில் அப்படி நடப்பது எல்லாருக்கும் தெரிந்த துக்கம்.

பத்துப் பதினைந்து நிமிட ஏற்றம். இருபக்கமும் கடைகள், மணி மாலை, விளையாட்டுச் சாமான், அர்ச்சனைத் தட்டு. செருப்பை வைக்கும் இடத்தில் விட்டுவிட்டு ஏறுங்கள்.

கோணேஸ்வரம்

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம். ஈழத்தில் பாடல் பெற்றவை இதுவும் மன்னார்ப் பக்கத்துத் திருக்கேதீஸ்வரமும்தான். கோணேசரும் மாதுமை அம்பாளும். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். மூலஸ்தானப் பக்கம் படமெடுக்கக் கூடாது. கோவில் மத்தியானம் நடை சாத்தி மாலையில் திறப்பார்கள். பூசை நேரம் திருவிழாக் காலங்களில் மாறும் என்பதால் வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது நிற்கும் கோவில் பழையது இல்லை. இடிக்கப்பட்டபின் முந்நூறு வருடங்களுக்கு மேல் இந்த உச்சியில் கோவிலே இல்லை. சனங்கள் பாறைக்கு வந்து கடலைப் பார்த்துப் பூப் போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். 1950இல் டவுனில் கிணறு தோண்டும்போது சோமாஸ்கந்தர் முதலிய செப்புத் திருமேனிகள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. இடிப்புக்கு முன் யாரோ ஒளித்து வைத்தவை. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இந்தப் பாறையடியில் முக்குளித்தபோது கடலுக்கடியில் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டார்கள். வில்சன் எடுத்துவந்த லிங்கம் கோவிலுக்கே வந்து சேர்ந்தது. 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. உள்ளே கும்பிடும்போது இதை நினைத்துப் பாருங்கள்: மண்ணுக்குள் கிடந்ததும் கடலுக்குள் கிடந்ததும் திரும்ப ஒரே கூரைக்குள் வந்திருக்கின்றன. நண்பர் கடவுள் நம்பிக்கை இல்லாதவராக இருந்தாலும் இந்த விஷயம் அவரைத் தொடும் என்றுதான் நான் நம்புகிறேன்.

தரிசனம் முடிந்ததும் வெளிவீதிக்கு வாருங்கள். பாறை பிளந்து நேரே கடலுக்கு இறங்கும் இடம்தான் இராவணன் வெட்டு. கன்னியாவுக்குப் போகும்போது சொன்ன கதையின் தொடக்கம் இங்கே. பக்கத்து மரத்தில் சின்னச் சின்ன மரத் தொட்டில்கள் தொங்கும். பிள்ளை வரம் வேண்டிக் கட்டியவை. சிலவற்றில் பட்டுத் துண்டு, சிலவற்றில் ஒரு பொம்மை. புதிதாகக் கட்டியது மஞ்சள் மாறாமல் இருக்கும். பழையது உப்புக் காற்றில் வெளுத்து, கயிறு மட்டும் இறுகிக் கிடக்கும். காலையில் தாய்க்கு மகன் செய்த கிரியை, மாலையில் பிள்ளை கேட்கும் தாய். இதை முன்னிட்டுத்தான் கன்னியாவை முதலில் வைக்கச் சொன்னேன்.

கீழே கடல் நூறு மீற்றருக்கும் மேல் ஆழத்தில். கம்பி வேலியைத் தாண்டிப் படமெடுக்க யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். மார்ச் முதல் ஆகஸ்ட் வரையான மாதங்களில், கடல் அமைதியாக இருந்தால், இந்த உச்சியிலிருந்தே நீலத்திமிங்கிலம் ஊதும் நீர்த்தாரையைக் காண வாய்ப்புண்டு. கரைக்கு மிகக் கிட்டவே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஓடுவதால் அவை இவ்வளவு அருகே வருகின்றன. அலையில்லாத இடத்தில் திடீரென்று ஒரு வெள்ளைப் புகை எழும்பி மறையும். கண்ணை எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்க்கப் பொறுமை வேண்டும்.

பாறை கிழக்கே பார்த்தது. அதனால் கடலில் சூரியன் மறைவதை இங்கே எதிர்பார்க்காதீர்கள். மேற்கே திரும்பினால் டவுனுக்குப் பின்னால் வெளிச்சம் இறங்குவது தெரியும்.

இரவு

இறங்கி வந்ததும் கோட்டையடிக் கடற்கரை. குடும்பம் குடும்பமாகச் சனம் உட்கார்ந்திருக்கும். இறால் வடை, கச்சான், உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட மாங்காய். கொழும்பின் கசினோக்களையும் இரவுக் கூடங்களையும் பார்த்துவிட்டு வரும் நண்பர், இங்கே இரவுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பார். என்னிடம் ஒருவன், "மச்சான், எட்டு மணிக்கு மேல என்னடா செய்வீங்கள்?" என்று கேட்டான். இதுதான் செய்வோம் என்றேன். கடலுக்கு முன்னால் உட்கார்ந்து பேசுவோம். அவன் பத்து மணி வரை எழும்பவில்லை.

சாப்பாட்டுக்கு இப்போது மச்சம் தாராளமாக. நண்டுக் கறியும் புட்டும் என்றால் கையால்தான், நேரமெடுத்து. கணவாய்ப் பிரட்டல் கிடைத்தால் விடாதீர்கள். சமைக்கும் முன் மீனைக் காட்டச் சொல்லுங்கள், கண் தெளிவாக இருக்க வேண்டும், விலையை எடையோடு கேளுங்கள். அவ்வளவு பசி இல்லையென்றால் ஒரு கொத்து ரொட்டியை இரண்டு பேரும் பிரித்துக்கொள்ளலாம். கடைசியில் மூதூர், கிண்ணியாப் பக்கத்து முட்டித் தயிர், மேலே இனிப்புப் பாணி.

கடல் கொந்தளிக்கும் மாதங்களில்

அப்போது வரிசையைத் திருப்புங்கள். விடியலில் கோணேஸ்வரம்: கிழக்குப் பார்த்த பாறையில் சூரியன் எழும்புவதைப் பார்க்கலாம். அடுத்து கன்னியா. மழைக் காற்றில் சுடுநீர் இன்னும் சுகம். புறாத்தீவுக்குப் பதிலாகத் தம்பலகாமம் போங்கள். கோணேஸ்வரம் இடிக்கப்பட்டபோது காப்பாற்றிய திருமேனிகளை வைத்து எழுப்பியதுதான் அங்கே உள்ள ஆதி கோணேசர் கோவில். வயல்கள் பச்சையாக இருக்கும் காலமும் அதுதான். போகும் வழியில் சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய பெரிய எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் நிற்கின்றன. பிறகு கிண்ணியாப் பாலத்தில் இறங்கி நில்லுங்கள். மாலையில் அங்கே வீசும் காற்றுக்காகவே ஊர்ச் சனம் வரும். மழை கடுமையானால் மகாவலி பெருகித் தாழ்வான வீதிகளில் தண்ணீர் ஏறும், அந்த நாட்களில் மூதூர்ப் பக்கம் போகும் முன் பஸ் நிலையத்தில் விசாரியுங்கள்.

இன்னொரு காலையும் கையில் இருந்தால்

இரவு ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் சாப்பாட்டை ஆறரைக்கே முடிக்கும்படி கோவிலிலிருந்து கொஞ்சம் முன்னதாக இறங்க வேண்டும். தங்குகிறவர்களுக்கு அடுத்த நாள் காலை திமிங்கிலமும் டொல்பினும் பார்க்கும் படகு. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடிய முன்னமே கிளம்புவார்கள். படகில் எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா, திமிங்கிலத்தைக் கண்டால் தூரத்திலேயே இயந்திரத்தைக் குறைப்பார்களா என்று இரண்டையும் கேட்டு, ஆம் என்று சொல்கிறவரோடு மட்டும் பேசுங்கள். வாந்தி வருகிற நண்பர் என்றால் மாத்திரையைப் படகில் ஏறுவதற்கு அரை மணித்தியாலம் முன்னால் போடச் சொல்லுங்கள், ஏறிய பிறகு போட்டால் அவ்வளவாக வேலை செய்யாது.